மூன்று பாதிகள்

அன்புள்ள அண்ணாவுக்கு,

தங்கை வணக்கத்துடன் எழுதுவது. நான், உங்கள் மாப்பிள்ளை, மகள் மூவரும் நலம். அண்ணியின் முழங்கால் வலி தேவலை என்று நம்புகிறேன். மீன்களின் நலத்தைக் கீழே தனியாக எழுதியிருக்கிறேன்.

ஒரு பீங்கான் வளையத்தில் உயிர் இருக்கிறதா, இல்லையா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? இருபத்திரண்டு வருடமாகக் கல்லூரியில் புள்ளியியல் நடத்துகிற எனக்கு விடை தெரியவில்லை. உங்கள் மீன் தொட்டியின் ஃபில்டர் டப்பாவுக்குள் இருக்கிற அந்த வளையங்கள் பார்ப்பதற்கு வெட்டிப்போட்ட குழாய்த் துண்டுகள் மாதிரிதான் இருக்கின்றன. பழையது பழுப்பு, புதியது வெள்ளை. மீன் கழிவின் நஞ்சைத் தின்று தீர்க்கும் கிருமிகள் அந்தப் பழுப்பில்தான் குடியிருக்கின்றன, மொத்தமாகத் தூக்கிப் போட்டால் தண்ணீர் விஷமாகிவிடும், எனவே "ஒரு தடவைக்குப் பாதிக்கு மேல் மாற்றாதே, மீதியை ஆறு வாரம் கழித்து மாற்று" என்று எழுதி, தொட்டியை எங்கள் முன்னறையில் வைத்து, அந்தத் தாளையும் அதன்மேல் ஒட்டிவிட்டு ஊருக்குப் போனீர்கள். கூடவே, "உன்னால முடியலன்னா மீன் கடைக்காரர்கிட்ட சொல்லிடு" என்றும் சொன்னீர்கள். அதை நான் மறந்துவிட்டேன் என்று பொய் சொல்ல மாட்டேன்.

சனிக்கிழமை காலை மோட்டார் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ஒரு வாளியில் தொட்டித் தண்ணீரையே மொண்டுவைத்து (குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கிறது, கிருமிகள் செத்துவிடும்), இருநூற்றிருபது வளையங்களையும் எண்ணி, நூற்றுப்பத்தை எடுத்துவிட்டு, மீதியை வாளியில் லேசாக அலசி, புதியது நூற்றுப்பத்து சேர்த்து மூடினேன். இருபத்தைந்து நிமிடம். உங்கள் மாப்பிள்ளை முடிவெட்டிக்கொள்ளப் போயிருந்தார், மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். செய்த வேலையைத் தம்பட்டம் அடிக்கிற பழக்கம் எனக்கு இல்லை. யாரிடமும் சொல்லாமல் விடைத்தாள் திருத்தப் போய்விட்டேன். திங்கட்கிழமை மாலை பார்த்தால், நீங்கள் வாங்கிவைத்த பெரிய புது வளையப் பாக்கெட் காலி.

"யாராவது இதைத் தொட்டீங்களா?"

"நான் பாதிதான் மாத்துனேன்," என்றார் உங்கள் மாப்பிள்ளை. "சனிக்கிழமை மத்தியானம்."

"நானும் பாதிதான்மா," என்றாள் மகள். "நேத்து. உனக்கு ஒரு வேலை குறையட்டுமேன்னு."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்ல வேண்டாமா?"

"சொன்னா, எந்தத் தண்ணியில கழுவுனீங்க, எத்தனை நிமிஷம் கழுவுனீங்க, யார் சொன்னா, ஆதாரம் என்னன்னு கேப்பே. முடிச்சுட்டா அதெல்லாம் கேட்டுப் பிரயோஜனம் இல்ல பாரு," என்றார் உங்கள் மாப்பிள்ளை.

"எடுத்ததை எங்க வெச்சீங்க?"

"குப்பை வண்டி வந்துச்சே," என்றாள் மகள்.

ஆக, அண்ணா, உங்கள் சொல்லை இந்த வீட்டில் யாரும் மீறவில்லை. மூன்று பேரும் தனித்தனியாகக் கடைப்பிடித்திருக்கிறோம். பதறாதீர்கள், கணக்குப் போட்டுவிட்டேன். பாதியில் பாதி கால், காலில் பாதி அரைக்கால். இருநூற்றிருபதில் எட்டில் ஒரு பங்கு இருபத்தேழரை வளையம். அந்த அரையை விட்டுவிடுவோம். இருபத்தேழு பழைய வளையங்களில் கிருமிகள் இருக்கின்றன, அவை பெருகும், அதுவரை தண்ணீரை நான் காப்பாற்றினால் போதும். மீன்களுக்கு இரண்டு நாளைக்குத் தீனி கிடையாது. தினமும் கால்வாசித் தண்ணீரை, குளோரின் நீக்கும் சொட்டு மருந்து விட்டு மாற்றப்போகிறேன். இன்று சோதனைக் குழாயில் மஞ்சள் வரவேண்டிய இடத்தில் இளம்பச்சை வந்தது. நஞ்சு ஆரம்பித்திருக்கிறது, ஆனால் கைமீறவில்லை. ஒன்பது வருடமாக நீங்கள் வளர்க்கிற பெரிய மீன், நம் ஆடிட்டர், வழக்கம்போலக் கண்ணாடிக்கு அருகில் வந்து முன்னறைக் கணக்கு வழக்குகளைப் பார்வையிட்டார். சின்ன மீன்களான இரண்டு உதவியாளர்களும் பின்னாலேயே வந்தார்கள்.

உங்கள் மாப்பிள்ளை என்னைக் கேட்காமல் மீன் கடைக்காரருக்குப் போன் போட்டு என் கையில் கொடுத்துவிட்டார். "மேடம், என் தொட்டியில ஓடிட்டிருக்கிற பழைய வளையம் ரெண்டு கைப்பிடி தர்றேன், உள்ள போட்டுடுங்க" என்றார் அவர். அவர் தொட்டியில் நோய் இல்லை என்பதற்கு என்ன உறுதி என்று கேட்டேன். "மீனுங்களைத்தான் கேக்கணும்" என்று போனை வைத்துவிட்டார். உறுதி தர முடியாதவர் கடைக்கு நான் போவதாக இல்லை. நீங்களும் அவருக்குப் போன் செய்ய வேண்டாம். நீங்கள் வரும்போது ஆடிட்டர், உதவியாளர்கள் மூவரையும் முழுதாக ஒப்படைக்கிறேன்.

அண்ணிக்கு என் வணக்கம். மாத்திரையை வேளாவேளைக்குப் போடச் சொல்லுங்கள். நீங்கள் நிம்மதியாகத் தூங்குங்கள்.

இப்படிக்கு,
உங்கள் தங்கை

பின்குறிப்பு: நேற்று தபால் நேரம் தாண்டிவிட்டதால் கடிதம் போகவில்லை. இன்று, செவ்வாய்க்கிழமை காலை, சோதனைக் குழாயில் கரும்பச்சை. ஆடிட்டர் தண்ணீரின் மேல்மட்டத்தில் மூச்சுக்காக வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார். ஃபில்டரைத் திறந்தேன். ஒரு பழுப்பு வளையம்கூட இல்லை.

"கலந்து எடுக்கலையா?" என்று உங்கள் மாப்பிள்ளையைக் கேட்டேன்.

"எதுக்குக் கலக்கணும்? அழுக்கா இருந்ததைப் பொறுக்கி எடுத்தேன். சரியாப் பாதி வந்துச்சு. சுத்தமா இருக்கிறதை யாராவது தூக்கிப் போடுவாங்களா?"

"நான் பாக்கும்போது எல்லாமே வெள்ளைதான்மா," என்றாள் மகள். "மாமா பாதி மாத்தச் சொல்லியிருக்காரேன்னு அதுலயும் பாதி மாத்துனேன்."

எடுப்பவர் கண்ணை மூடிக்கொண்டு எடுத்தார் என்று நானாகவே எண்ணிக்கொண்டேன். முதலாண்டு மாணவி இப்படி எழுதியிருந்தால் பூஜ்யம் போட்டிருப்பேன். பாதித் தண்ணீரை மாற்றிவிட்டு, கடை ஷட்டர் தூக்குவதற்கு முன்பே போய் வாசலில் நின்றேன். கடைக்காரர் எதுவும் கேட்கவில்லை. நானும் உறுதி கேட்கவில்லை. வளையங்களைத் தொட்டித் தண்ணீரோடு பையில் கட்டினார், என் கையில் கொடுக்காமல் அவரே ஸ்கூட்டரில் பின்னால் வந்து ஃபில்டருக்குள் வைத்தார். சந்தேகமிருந்தால் அவருக்குப் போன் செய்யுங்கள். என்னைக் கேட்டால் நான் நன்றாக இருக்கிறது என்றுதான் சொல்வேன். மாலை ஆறு மணிக்குப் பச்சை வெளுத்திருந்தது, மஞ்சளாகவில்லை. ஆறரைக்கு ஆடிட்டர் வாயை மூடிக்கொண்டு கீழே இறங்கினார்.