மாமாவின் முகமும் நாற்பத்தெட்டு வெண்கட்டியும்

வேலணை,
ஆடி 9.

அன்புமிக்க மைத்துனர் வசீகரன் அவர்களுக்கு,

அம்மன் துணையால் நானும் உமது அக்கா சறோஜினிதேவியும் இரண்டு மாடுகளும் நலம். கனடாவில் நீரும் குடும்பமும் அவ்வாறே இருக்க வேண்டுகிறோம். நிற்க.

உமது தந்தையாரின் நினைவாக நீர் கட்டித் தந்த வாசிகசாலை மண்டபத்துக்கு வெள்ளையடித்து முடிந்துவிட்டது. ஆவணியில் நீர் வந்து நாடா வெட்டுவதுதான் மிச்சம். மேடைச் சுவரில் மாட்டும் மாமாவின் படத்தை நிமிர்ந்து பார்த்து நீர் திடுக்கிடக் கூடாது என்பதற்காகச் சில உண்மைகளை முன்கூட்டியே தெரிவித்துக்கொள்கிறேன்.

இடம்பெயர்வில் வீட்டுப் படமெல்லாம் போய், மாமாவுக்கென்று மிஞ்சியது உமது சாமியறையில் இருக்கும் அடையாள அட்டைப் படம் ஒன்றுதான். அதைப் பெரிதாக்கினால் புள்ளி புள்ளியாய் உடைகிறது என்று ஸ்ரூடியோக்காரர் கைவிரித்தபோது, “அத்தான், நீங்கள் கீறுங்கோ” என்று சொன்னது நீர். முப்பத்தொரு வருஷம் நில அளவைக் கந்தோரில் எல்லைக்கோடு கீறினவனுக்கு ஒரு முகம் கீற ஏலாதா என்று நானும் ஒப்புக்கொண்டேன். ஆனால் ஒன்று, மாமாவை நான் கண்டவனல்ல. அவர் காலமாகி அடுத்த வருஷம்தான் இந்த வீட்டுக்கு மாப்பிள்ளையாய் வந்தேன். சீதனமாக வந்தவை வீடு, வளவு, பத்துப் பனை, பக்கத்து வளவு முருகேசுவோடு மாமா நடத்திய வேலிச் சண்டை. முருகேசுவையும் நான் கண்டதில்லை, அவரும் முன்பே போய்விட்டார். சண்டை மட்டும் குறையாமல் என் பெயருக்கு வந்தது. அவருடைய மகள் றஞ்சனியோடு இன்றுவரை எங்கள் வீட்டாருக்குக் கதை பேச்சில்லை.

நீர் அனுப்பிய நாற்பத்தெட்டு நிறப் பஸ்ரல் பெட்டி வந்தது. பார்த்தால் பள்ளிக்கூட வெண்கட்டி, தொட்டால் விபூதி, கடதாசியில் ஒட்டவே ஒட்டாத சாமான். மாமாவின் வலக்கன்னத்தை விரலால் தேய்த்து உருட்டி எடுத்துவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போய் வந்தால், சோளகக் காற்று கன்னத்தைக் கழுத்துக்கு இறக்கியிருக்கும். யன்னலைச் சாத்தினால் என் வேர்வை அவர் நாடியில் சொட்டும். ஒன்றரைக் கிழமையில் ஒருமாதிரி ஆள் உருவாகி வர, அறை கூட்ட வந்த உமது அக்கா, படத்தில் தூசி படிந்து கிடக்குதென்று பழைய சாறத்துண்டால் ஒரே இழுப்பில் துடைத்துவிட்டா. தலைமயிர் முழுவதும் சாறத்தில். நான் போட்ட சத்தத்தில் மாடு கதறியது. அவ சாறத்தை உதறிக்கொண்டு ஆறுதலாய்ச் சொன்னா, “துடைச்சது பிழைதான். ஆனால் உது எங்கடை அப்பா இல்லை.”

கலை தெரியாத மனுசி. மூக்கு அகலம் என்றா, குறைத்தேன். போனைப் பார்த்தால் நீர் அனுப்பிய படத்திலும் அகலம்தான், திரும்பக் கூட்டினேன். மூக்குக்குப் பக்கத்தில் ஒரு மச்சம். அப்பாவுக்கு மச்சமே இல்லை என்றா. உமது கமராவில் ஒட்டிய தூசியாக்கும் என்று விரலால் துடைக்கப்போக, மிளகளவில் இருந்தது புளியங்கொட்டை அளவாயிற்று. போனை அவவுக்குக் காட்டியிருந்தால் அன்றே பிரச்சினை தீர்ந்திருக்கும். அக்கா கண்டால் அழுவா, திறப்புவிழா வரைக்கும் காட்டாதையுங்கோ என்று நீரல்லவா சத்தியம் வாங்கியிருந்தீர்! பிறகு, பொடி உதிராமலிருக்க என்னவோ தெளிக்க வேண்டுமாம். அது வேலணையில் எங்கே? தலைமயிருக்கு அடிக்கும் ஸ்பிரேயை அடித்தேன். மாமா இரண்டு நிறம் கறுத்தார். யாழ்ப்பாணத்தில் கண்ணாடி போட்டு, பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்தால், பண்ணைப் பாலம் குலுக்கிய குலுக்கலில் ஸ்பிரே படாத புருவம் இரண்டும் கண்ணாடிக்கு அடியில் குவிந்துவிட்டன. மண்கும்பானில் பக்கத்துச் சீற்றுக்காரர் எட்டிப் பார்த்து, செத்தவர் என்ன முறை என்று கேட்டார். மாமா என்றேன். நல்ல கோபக்காரன்போல என்றார்.

நேற்று மண்டபத்தில் மாட்டிப் பார்த்தோம். வாசிகசாலைத் தலைவர் கொஞ்ச நேரம் பார்த்தார், “ஓம், ஓம்” என்றார், போய்விட்டார். எங்கள் படலைப் பக்கமே திரும்பாத றஞ்சனி, றோட்டால் போனவ உள்ளே வந்து, படத்துக்கு முன்னால் அரை மணித்தியாலம் நின்று சீலைத் தலைப்பால் முகத்தைப் பொத்தினா. எதிரியையும் உருக்கிவிட்டேன் என்று நான் பூரித்துப் போனேன். அவ சிரிப்பை அடக்கிறா என்று உமது அக்கா சொன்னா.

ஆகவே, முகம் மாறியதற்குக் காற்று, சாறம், பாலம், வெண்கட்டி ஆகியவையே பொறுப்பு, என் கை அல்ல. ஆனாலும் வசீகரன், ஏழு வயதில் சித்தியோடு விட்டுவிட்டு வந்து முகமே மறந்துபோன அப்பாவை ஒருக்கால் பெரிசாப் பார்க்கவேணும் என்று நீர் போனில் சொன்னது என் காதிலேயே நிற்கிறது. அதைக் கெடுத்துப்போட்டேனோ என்று பயமாய்க் கிடக்குது. சபையில் நீர் “அப்பாதான்” என்று ஒரு சொல் சொல்லிவிடும். மிச்சத்தை நான் சமாளிப்பேன்.

உமது மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் ஆசிகள். பயணம் சுகமாய் அமைய அம்மன் வழிவிடுவாளாக.

இப்படிக்கு,
உமது அத்தான்,
தம்பிராசா

பி.கு.: மேலே எழுதிய யாவற்றையும் வெட்டிவிடவும். கடிதத்தை ஒட்டப் போகையில் றஞ்சனி எங்கள் படலையைத் திறந்துகொண்டு வந்தா. “அண்ணை, எங்கடை அப்பாவை நீங்கள் எங்கை கண்டு கீறினனீங்கள்?” என்றா. நான் போனைக் காட்டினேன். அது முருகேசுவின் படமாம், மச்சம் உட்பட. அடையாள அட்டைக்காக இரண்டு பேரும் ஒரே நாள் ஒரே ஸ்ரூடியோவில் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்று படமெடுத்தவையாம். ஸ்ரூடியோவிலிருந்து வந்த பட உறைகள் வீடு மாறிப் போய்விட்டன. அதற்குள் மாமா செத்துப்போக, பார்க்க மனமில்லாமல் மாமி உறையை ஒட்டினபடியே உமக்கு அனுப்பினவ. முருகேசு மனைவி உறையைப் பிரித்து மாமாவைக் கண்டவ. திருப்பிக் குடுக்கப் போனால் வேலியை விட்டுக் குடுத்ததாய்ப் போகுமென்று பெட்டிக்கு அடியில் போட்டுவிட்டா. அடுத்த மாதமே முருகேசுவும் போய்விட்டார். அந்தப் படத்தை றஞ்சனி கொண்டுவந்து தந்தா. உமது அக்கா அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு குசினி வாசலில் இருந்தவ இன்னும் எழும்பவில்லை. நாளைக்கு அதைப் பார்த்துக் கீறத் தொடங்குகிறேன். மண்டபத்தில் மாட்டிய படத்தை றஞ்சனி கேட்டா, குடுத்துவிட்டேன்.

உமது சாமியறைப் படத்தை என்ன செய்யச் சொல்ல என்று றஞ்சனியிடம் கேட்டேன்.

“இறக்க வேண்டாமெண்டு சொல்லுங்கோ அண்ணை. படமொண்டும் இல்லாமல் நாங்கள் வெறுஞ் சுவருக்குத்தான் விளக்கு வைச்சனாங்கள். அப்பான்ரை முகத்துக்கு முன்னாலை இருபத்தெட்டு வருசமா விளக்கு வைச்சது வசீகரன் ஒராள்தான்.”