பெரம்பலூருக்கு ரீல் வந்த வரலாறு

மனித குலத்தைக் கரைசேர்த்த கண்டுபிடிப்புகளில் நெருப்புக்கும் சக்கரத்துக்கும் அடுத்த இடம் மீன்பிடி ரீலுக்குத்தான். இந்த உண்மையை உலகத்தில் எந்த ஊரும் கோப்பு திறந்து ஒப்புக்கொண்டதில்லை. 1983-ல் பெரம்பலூர் ஒப்புக்கொண்டது. பஸ் நிலையத்துக்குப் பின்னால் சைக்கிள் கடை மாடியில் 'ஏரி விளையாட்டு மேம்பாட்டு அலுவலகம்' திறக்கப்பட்டு, அதில் ஒரு மேசை, ஒரு மின்விசிறி, ஒரு தட்டச்சு இயந்திரம், ஒரு தனி அலுவலர் ஆகியவை பொருத்தப்பட்டன.

தனி அலுவலரின் பெயர் ஆண்டவர். அங்கே நடந்ததெல்லாம் ஆண்டவர் செயல் என்று யாராவது சொன்னால் அது பக்தி அல்ல, நிர்வாகம்.

தட்டச்சு இயந்திரத்துக்குப் பின்னால் இருந்தவன் உத்திராபதி. நான்கு வருஷமாகத் தற்காலிகம். அவனை நிரந்தரமாக்கும் உத்தரவு ஆண்டவரின் மேசை இழுப்பறையில் கையெழுத்துக்குக் காத்துக் கிடந்தது. இழுப்பறை திறக்கும் சத்தம் கேட்டால் போதும், அவன் எழுந்து நின்றுவிடுவான்.

ஆண்டவர் திருச்சியில் பழைய பேப்பர் கடையில் ஓர் அமெரிக்கப் பத்திரிகை வாங்கியிருந்தார். அட்டையில் ஒரு தொப்பிக்காரர் பெரிய மீனொன்றைத் தூக்கிப் பிடித்துச் சிரித்துக்கொண்டிருந்தார். மீனின் பெயர் பாஸ். அதைப் பிடிக்க மண்புழு உதவாது. முழங்கை நீளத்துக்கு மரத்தில் மீன் செய்து, மூன்று இடத்தில் கீல் வைத்து, அதை வெகுதூரம் வீசிச் சுருட்ட வேண்டும். அது வளைந்து நெளிந்து வருவதைப் பார்த்து பாஸ் ஏமாந்துவிடுமாம்.

"நம்ம ஏரியில பாஸ் கெடையாதுங்களே சார்" என்றான் ஸ்டோர் கீப்பர் கண்ணையன்.

"என்ன இருக்கு?"

"விரால் இருந்துச்சுங்க. தண்ணி வத்துனதும் அதுவும் போயிடுச்சு."

ஆண்டவர் ஒரு நிமிடம் கண்ணை மூடினார். "சரி, விராலை பாஸ் பண்ணிடுவோம்" என்றார்.

அன்று மாலையே விரால் பாஸ் செய்யப்பட்டது. 'இத்திட்டத்தின் நோக்கங்களுக்காக, இல்லாத விரால், இல்லாத பாஸ் எனக் கருதப்படும்' என்று கோப்பில் ஏறியது. மீன் விஷயம் இப்படிச் சுமுகமாக முடிந்துவிட்டதால், எந்த ரீல் வாங்குவது என்ற ஒரே கேள்விதான் மிச்சம். அதற்கு ஆண்டவர் தலைமையில் ஒரு குழு அமைந்தது. கண்ணையன் உறுப்பினர். வேறு ஆள் இல்லாததால் கருத்து வேறுபாடும் இல்லை.

குழு பற்றிய சுற்றறிக்கையை ஆண்டவர் சொல்லச் சொல்ல உத்திராபதி ஸ்டென்சில் வெட்டினான். "பெரம்பலூர் வட்டத்துக்கேற்ற ரீலைத் தேர்வு செய்யும் பொருட்டு..." என்று ஆரம்பித்தார். உத்திராபதியின் விரல் நின்றது. மீன் பிடிக்க ரீல் என்று ஒரு சாமான் உண்டென்பதே அவனுக்குத் தெரியாது. பெரம்பலூரில் பிறந்தவன் அவன். ரயிலேற வேண்டுமென்றால் அரியலூருக்குப் பஸ்ஸில் போகிற ஊர். ரயில் வேண்டி மனு எழுதுவது அங்கே பரம்பரைத் தொழில். பெரிய அதிகாரிகள் வாயில் ரயில் என்ற சொல் ரீல் என்றுதான் வரும்போலும் என்று அவன் நினைத்தான். இலக்கண சுத்தமாக, 'ரெயில்' என்று அடித்தான்.

அதற்குப் பிறகு வந்த வாசகங்கள் ஒன்றுகூட அவனைச் சந்தேகப்பட விடவில்லை. 'மேற்படி ரெயில் பெரும் பாரத்தைத் தாங்கவல்லதாகவும், தடையின்றி நெடுந்தூரம் ஓடக்கூடியதாகவும், நல்ல பிரேக் உடையதாகவும் இருத்தல் வேண்டும். சோதனை ஓட்டம் ரஞ்சன்குடிக்குக் கிழக்கேயுள்ள ஏரியில் நடைபெறும். பொதுமக்கள் ஒத்துழைப்பு நல்குக.' ஆண்டவர் வழக்கப்படி படிக்காமல் கையெழுத்துப் போட்டார். படித்துக் கையெழுத்துப் போடுவது கீழ்நிலை ஊழியர்களின் பழக்கம்.

மூன்று ரீல்களும் மரமீனும் அரியலூர் ஸ்டேஷனில் பார்சலாக இறங்கி, பஸ் கூரையில் ஏறி வந்தன. அவற்றைப் பிரித்துப் பார்த்தபோதுதான் உத்திராபதிக்குத் தான் அடித்தது தவறென்று தெரிந்தது. சுற்றறிக்கை அதற்குள் முப்பது கிராமங்களுக்குப் போயிருந்தது.

"சார், ஒரு சின்ன எழுத்துப் பிழைங்க. போன சர்க்குலர்ல..."

"அதுல கையெழுத்து யாரோடது?"

"உங்களோடதுங்க சார்."

"அப்ப பிழை இல்லை." ஆண்டவர் இழுப்பறையைப் பாதி திறந்தார். "உன் உத்தரவும் என் கையெழுத்துக்குத்தான் இருக்கு. என் கையெழுத்துல பிழை வரும்னா அதையும் நான் யோசிக்கணுமே?"

உத்திராபதிக்கு நிர்வாகம் புரிந்தது. தட்டச்சு இயந்திரத்துக்குத் திரும்பினான்.

சோதனை தொடங்கியது. ஏரியில் தண்ணீர் இல்லாதது ஒரு குறையாகக் கருதப்படவில்லை. ஈரம் பட்டால் அளவு நாடா கெட்டுவிடும். ஆனால் உள்ளே கருவேல முள் மண்டிக் கிடந்து, மரமீன் போன இடமெல்லாம் மாட்டிக்கொண்டது. ஆகவே குழு கரையின்மேல் நின்றபடியே திரும்பிக்கொண்டு, வயல் பக்கமாக வீசியது. மரமீன் விழுந்த இடத்திலெல்லாம் கண்ணையன் ஒரு சிவப்புக் கொடி நட்டு நாடா பிடித்தான்.

முதல் ரீல் சிறியது. கால் கிலோ மரமீனை வீசியதும் அதன் கழுத்து கோணிக்கொண்டது. 'பாரம் தாங்கவில்லை' என்று பதிவாயிற்று. இரண்டாவதில் மரமீன் காற்றில் தயங்க, உருளை மட்டும் ஆவேசமாகச் சுற்றியது. தூண்டில் நரம்பு சிக்கிக்கொண்டு, பிரிப்பதற்கு இரண்டு நாள் ஆனது. 'வேகம் மிகுதி, பொறுப்பு குறைவு.' மூன்றாவது கனமானது. கைப்பிடியை ஒருமுறை சுற்றினால் உருளை நிதானமாக ஐந்து முறை சுற்றும்; கட்டைவிரலை வைத்து அழுத்தினால் நிற்கும். ஆண்டவரின் கட்டைவிரல் தோல் உரிந்தது. நாட்டுக்காக அதையும் பொறுத்துக்கொண்டார். அந்த ரீலில் வீசிய மரமீன் தரிசு நிலத்தைத் தாண்டி ஒரு பருத்திக் கொல்லையில் போய் விழுந்தது. கொடியும் அங்கே போயிற்று. ஆனால் நரம்பு செடிகளில் சிக்கிக்கொண்டதால் முழுத் தூரம் தெரியவில்லை. இறுதிச் சோதனை புதன்கிழமை என்று அறிவித்தார்கள்.

அந்தக் கொல்லை பிச்சைமுத்துவுடையது. உத்திராபதிக்குத் தாய்மாமன். மழை பொய்த்த வருஷத்தில் கிணற்றில் ஊறிய தண்ணீரை வாரி வாரி ஊற்றிக் காப்பாற்றிய பருத்தி. காய் வெடிக்கப் பதினைந்து நாள்தான் பாக்கி.

ஞாயிற்றுக்கிழமை உத்திராபதி மாமன் ஊருக்குப் போனான். வரிசையாகச் சிவப்புக் கொடிகள் பறந்தன. மாமன் கொல்லை நடுவில் நின்று கையை நீட்டி அளந்துகொண்டிருந்தார்.

"வாங்க மாப்ளே! டேசன் இங்கதான் வருது. கொடியப் பாத்தீங்கள்ல, ஒரே நேர்கோடு. செடி மறைக்குதுன்னு ஆபீசருங்க பேசிக்கிட்டாங்க. நாளைக்கே புடுங்கிடுறேன்."

"மாமா, கொஞ்சம் பொறுங்க. புடுங்காதீங்க."

"பொறுத்தா பக்கத்து ஊர்க்காரன் எடத்தக் குடுத்துடுவான். டேசன் அங்க போயிடும்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "ஒங்க அத்தைக்குப் பஸ்ஸு ஒத்துக்காதுன்னு தெரியும்ல? ஆலம்பாடி தாண்டறதுக்குள்ள குடலே வெளிய வந்துடும். பாப்பாத்தியக் கட்டிக் குடுத்து ஆறு வருசம் ஆச்சு. மெட்ராசுல பேரன் நடக்குறானாம், பேசுறானாம். இவ இன்னும் மூஞ்சியப் பாக்கல. பருத்தி போனா அடுத்த வருசம் வெளையும் மாப்ளே."

"அது வந்து மாமா, அது ரயிலு..."

"ரயிலுன்னு நீங்கதானே டைப் அடிச்சிருக்கீங்க? அடியில உங்க பேரு எழுத்து இருக்குன்னு வாத்தியாரு படிச்சுக் காட்டுனாரு. ஊரே பெருமப்படுது."

உத்திராபதி வாயைத் திறந்தான். மேசை இழுப்பறை கண்ணுக்குள் வந்தது. அவனுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. "சரிங்க மாமா, போயிட்டு வரேன்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டான்.

புதன்கிழமை காலை ஏரிக்கரையில் நான்கு கிராமத்து ஜனம் கூடியிருந்தது. மேளம்கூட வந்திருந்தது. வயல் பக்கம் திரும்பிய ஆண்டவர் அசந்துபோனார். பருத்திக் கொல்லை இருந்த இடத்தில் வழித்தெடுத்த மாதிரி வெறும் மண். பிடுங்கிய செடிகள் பச்சைக் காய்களோடு வரப்போரம் குவிந்து கிடந்தன.

"இதுதான்யா பொதுமக்கள் ஒத்துழைப்பு!" என்றார். "உத்திராபதி, இதைக் குறிச்சுக்க."

உத்திராபதி குறித்துக்கொண்டான். பென்சில் முனை உடைந்தது.

ஆண்டவர் மூன்றாவது ரீலைப் பூட்டினார். காலை அகட்டி நின்றார். வீசினார். மரமீன் ஜனங்களின் தலைக்கு மேலே பறந்து, தரிசைத் தாண்டி, வரப்பைத் தாண்டி, வெற்றுக் கொல்லையின் மறுகோடியில் தூசு கிளப்பி விழுந்தது. கண்ணையன் நாடாவோடு ஓடினான். "முந்நூறு அடி சார்! தடங்கலே இல்லை!" என்று கத்தினான். மேளக்காரர்கள் எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு தட்டுத் தட்டினார்கள்.

பிச்சைமுத்து கைகூப்பி முன்னால் வந்தார். பின்னால் அவர் மனைவி அம்மாக்கண்ணு, கையில் ஒரு முறுக்கு டின்னோடும் துணிமூட்டையோடும் நின்றாள். இன்றைக்கே கிளம்பிவிடலாம் என்று யாரோ சொல்லியிருந்தார்கள்.

"ரயிலு எந்தத் தேதிக்குங்க வருது?" என்று கேட்டார் பிச்சைமுத்து.

"எந்த ரயில்?" ஆண்டவர் சிரித்தார். "ரயில் இல்லய்யா. ரீல்! இதோ, கையில இருக்கு பார். ஒருமனதாத் தேர்வு ஆயிடுச்சு."

பிச்சைமுத்துவுக்குக் கூப்பிய கை பிரியவே இல்லை. அம்மாக்கண்ணு டின்னைக் கீழே வைத்தாள். உத்திராபதியைப் பார்த்தாள்.

"ரீலுன்னா என்ன மாப்ளே?"

"நூல் சுத்துறதுங்க அத்தை. மீன் புடிக்கிறதுக்கு."

"ஏரியிலதான் தண்ணியே இல்லையே."

அம்மாக்கண்ணு வரப்போரம் வாடிக் கிடந்த காய்களைப் பார்த்தாள். பிறகு ஆண்டவரிடம், கோபமே இல்லாத குரலில் சொன்னாள்:

"ரீலு எங்களுக்கொண்ணும் புதுசு இல்லீங்க சாமி. ஓட்டுக் கேக்க வரப்பல்லாம் ஆளாளுக்கு வந்து விட்டுட்டுத்தான் போறாங்க. ஆனா வெளைஞ்ச பருத்திய எங்க கையாலயே புடுங்கிப் போடற தூரத்துக்கு விட்டவரு நீங்க ஒருத்தருதாங்க."