டாக்டருக்குக் கொண்டுபோன பலாப்பழம்

அன்பும் மரியாதையும் கொண்ட மச்சான் ரமேஷ் அவர்களுக்கு,

உங்கள் தங்கச்சி வீட்டுக்காரன் சடையன், ஜமுனாமரத்தூரிலிருந்து கும்பிட்டு எழுதிக்கொள்வது. இங்கே மங்கம்மாள், பிள்ளைகள், ஆடு, மாடு எல்லாரும் நலம். நான் நலமில்லை. ஆனால் டாக்டர் கொடுத்த ரிப்போர்ட்டின்படி நானும் நலம். அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். போனில் சொல்லலாம் என்றால், இங்கே டவர் டீக்கடை வாசலில்தான் கிடைக்கிறது. அங்கே நின்று பேசினால் என் தோள்பட்டைக்கு ஊரே தீர்ப்பு சொல்கிறது.

செங்கம் நெல் மண்டியில் மூட்டை இறக்கும்போது லாரியிலிருந்து விழுந்து என் இடது தோள் உடைந்தது உங்களுக்குத் தெரியும். ஆஸ்பத்திரியில் நீங்கள்தானே கூட இருந்தீர்கள். கட்டுப் பிரித்த பிறகும் கை காதுக்கு மேலே ஏறவில்லை. வக்கீல் கோகிலவாணி அம்மா நஷ்டஈடு கேட்டு கேஸ் போட்டார். உடனே இன்சூரன்ஸ் கம்பெனிக்காரர்கள், இரண்டு பக்கமும் சேராத ஒரு டாக்டர் பார்த்துச் சொல்லட்டும் என்றார்கள். அந்தச் சேராத டாக்டரைத் தேடிப் பிடித்ததும் அவர்கள்தான், ஃபீஸ் கட்டியதும் அவர்கள்தான். நியாயம் எப்படி இருக்குது பாருங்க.

பெரிய மனுஷரைப் பார்க்க வெறுங்கையோடு போகிற வழக்கம் நம்ம மலையில் கிடையாது. அதனால் நல்ல பெரிய பலாப்பழமாகப் பார்த்து வெட்டினோம். திருப்பத்தூர் பஸ் ஸ்டாண்டிலிருந்து மங்கம்மாள்தான் தலையில் சுமந்து வந்தாள், நான் பின்னாலேயே கையை வீசிக்கொண்டு நடந்தேன். டாக்டர் வாசலில் நர்ஸ், "பேஷண்ட் மட்டும் உள்ள வாங்க" என்று சொல்லிவிட்டது. பழத்தை இன்னா பண்றது? மங்கம்மாள் அதைத் தூக்கி என் வலது தோளில் வைத்துவிட்டாள். டாக்டர் பழத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இதை நீயேவா தூக்கிக்கினு வந்தே?" என்று கேட்டார். பொண்டாட்டி தலையில ஏத்திட்டு நான் சும்மா வந்தேன்னு ஆம்பளை எப்படி மச்சான் சொல்றது? "ஆமாங்க, நானேதான்" என்றேன். "இப்ப எப்படி இருக்கே?" என்றார். "உங்க புண்ணியத்துல நல்லா இருக்கேங்க" என்றேன். வேற இன்னா சொல்றது? முதல் தடவையா பார்க்கிற மனுஷர் விசாரிக்கும்போது ஒப்பாரியா வைக்க முடியும்? அப்புறம் கையைப் பிடித்து மேலே தூக்கினார். உயிரே போயிடுச்சு. நர்ஸ் பொண்ணு பார்த்துக்கினு நிக்குதேன்னு பல்லைக் கடிச்சுக்கினு சும்மா இருந்தேன்.

ரிப்போர்ட் வந்தது. 'பெரிய பலாப்பழத்தைத் தோளில் சுமந்து வந்தார். நலமாக இருப்பதாகத் தாமே சொன்னார். கையைத் தூக்கும்போது வலி இல்லை. மூட்டை தூக்கத் தகுதியானவர்.' எந்தத் தோள் என்று ஒரு வார்த்தை இல்லை. பழத்தை மட்டும் வாங்கி உள்ளே வைத்துக்கொண்டார். வக்கீல் அம்மா படித்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். மங்கம்மாள் வீடு வந்து சேரும் வரைக்கும் விடவில்லை: "இன்னா மனுஷன்யா நீ? என் பொண்டாட்டிதான் தூக்கியாந்தான்னு சொன்னா உன் மீசை கொட்டிப் பூடுமா?"

சிரிக்காதீங்க மச்சான். சாமை அறுக்க அரிவாளுக்குக் கதிரைப் பிடிச்சுக் குடுக்க இந்தக் கை வரலை. சட்டை மாட்டி விட அவதான் வரணும். அவ வயலுக்கும் போய்ட்டு வூட்டு வேலையும் பார்க்குறா, நான் கோழியை வெரட்டிக்கினு உட்கார்ந்திருக்கேன். சில நேரம் அழுகையே வந்துடுது. வக்கீல் அம்மா போராடி வேறொரு டாக்டரிடம் காட்ட கோர்ட்டில் உத்தரவு வாங்கியிருக்கிறார். அந்த டாக்டரும் இப்படியே எழுதினால் கேஸ் முடிந்தது. கம்பெனி ஆட்கள் படம் பிடிக்கச் செல்போனோடு சுற்றுவார்கள், ஒரு சொம்பு கூடத் தூக்கக் கூடாது, யாரிடமும் வாயைத் திறக்கக் கூடாது என்று வக்கீல் அம்மா எச்சரித்திருக்கிறார். பிள்ளைகள் மேல் சத்தியமாக ஒன்றையும் தொடமாட்டேன். நீங்கள் கட்டாயம் கூட வர வேண்டும். நீங்களே பேசுங்கள், நான் ஊமையாக உட்கார்ந்திருக்கிறேன்.

அண்ணிக்கு எங்கள் கும்பிடு. பிள்ளைகளை நம்ம மலைச்சாமி காப்பாத்தட்டும்.

இப்படிக்கு,
தங்கள் மச்சான்
சடையன்

பின்குறிப்பு: பஸ் கிளம்புவதற்கு முன் அவசரமாக எழுதுகிறேன். உங்களுக்கு வெறும் கடிதம் அனுப்ப மனசு வரவில்லை, கண்டக்டர் மோகனிடம் ஒரு பலாப்பழமும் கொடுத்திருக்கிறேன். மங்கம்மாள் வயலுக்குப் போய்விட்டாள், பஸ்ஸும் நிற்காது என்றார்கள், அதனால் நானே ரெண்டு கையாலயும் தூக்கி மேலே ஏத்திட்டேன். தோள் விண்ணு விண்ணுன்னு தெறிக்குது. காரில் வந்த வெளியூர்க்காரர் ஒருத்தர் அதை செல்போனில் படம் எடுத்தார். ரொம்ப மரியாதையான புள்ள. "நல்லா இருக்கீங்களாண்ணே?"ன்னு விசாரிச்சார். நல்லா இருக்கேன்னு சொன்னேன். அவ்வளவு தூரம் வந்தவரை வெறுங்கையோட எப்படி அனுப்புறது? அவர் காரிலும் ஒரு பழம் தூக்கி வச்சேன்.