பழுதுப் பலகையும் முள்ளம்பன்றியின் கணினிக் குகையும்

ஒரு காட்டில், மலையடிவாரக் குகையொன்றில், முள்ளம்பன்றி ஒன்று பழைய கணினிகளுக்கு அருங்காட்சியகம் நடத்திவந்தது. ஆற்றின் வடகரையில் இதனைக் காட்டுப்பன்றி என்று சொல்வோரும் உளர். அது பொருந்தாது. கதையின் முடிவுக்கு முட்கள் தேவைப்படுகின்றன.

பிற அருங்காட்சியகங்களில் பொருள்கள் கண்ணாடிக்குள் செத்துக் கிடக்கும். இக்குகையிலோ எல்லாக் கணினிகளும் ஓடின. யானைக்கன்று அளவில் ஒன்று இருந்தது. துளையிட்ட அட்டைகளை விழுங்கிக் கணக்குப் போடும். மற்றொன்றில் கேசட்டைச் செருகினால் கிறீச்சென்று கத்தும்; சோறு வடிக்கும் நேரம் கழித்துத் திரையில் ஒரு புள்ளியை நகர்த்திக் காட்டும். மூன்றாவது, பச்சை எழுத்துக் கணினி. அது "உங்கள் பெயர்?" என்று கேட்கும். பெயரைத் தட்டினால் அப்பெயரைச் சொல்லி வணக்கம் வைக்கும். அதற்குத் தெரிந்தது அவ்வளவுதான். முள்ளம்பன்றி தன் உயிரை அதன்மேல்தான் வைத்திருந்தது. வாசலில் "தொட்டுப் பாருங்கள்" என்று ஒரு பலகையும் மாட்டியிருந்தது.

அந்நாளில் சிங்கராஜா புழக்கமற்ற குகைகளை மீட்க ஆணையிட்டது. மழை ஓய்ந்ததும் நேரில் வருவதாகவும், கூட்டம் இருந்தால் குகை முள்ளம்பன்றிக்கு, இல்லையேல் கழுதைப்புலிக்கு என்றும் அறிவித்தது. கழுதைப்புலி காயலான் கடை வைத்திருந்தது. அன்று முதல் அது நாள்தோறும் குகைக்கு வந்து, கணினிகளை நகத்தால் தட்டி, உள்ளே செம்பு எவ்வளவு இருக்கும் என்று விசாரித்துவிட்டுப் போயிற்று.

முள்ளம்பன்றி காடு முழுவதும் அலைந்து எல்லாரையும் அழைத்தது. வந்தவர்கள் வாசலிலேயே திகைத்து நின்றார்கள். கணினி அறை என்றால் செருப்பை வெளியே கழற்றிவிட்டுத்தான் நுழைய வேண்டும் என்பது அக்காட்டில் பள்ளிக்கூட நாளிலிருந்து ஊறிப்போன வழக்கம். ஆனால் எவருக்கும் செருப்பு இல்லை. கழற்ற ஒன்றும் இல்லாமல் எப்படி நுழைவது? முள்ளம்பன்றி எவ்வளவோ சொல்லியும் கேட்கவில்லை. நரி நிலைமையை உணர்ந்து, மறுநாளே வாசலில் செருப்பு வாடகைக் கடை போட்டது. வந்தவர்கள் வாடகைச் செருப்பை மாட்டி, அங்கேயே கழற்றிவிட்டு, மனநிறைவோடு உள்ளே போனார்கள்.

உள்ளே போயும் பயனில்லை. கரடி கணினிகளை வலம் வந்து கன்னத்தில் போட்டுக்கொண்டது. யாரோ யானைக்கன்றுக் கணினிக்குக் குங்குமம் வைத்துவிட்டார்கள். தொடுங்கள் என்றால், கெட்டுப்போனால் யார் பதில் சொல்வது என்று எல்லாரும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்கள். மான் ஒன்று மட்டும் துணிந்து பச்சை எழுத்துக் கணினியில் தன் பெயரைத் தட்டியது. கணினி உடனே வணக்கம் சொன்னது. மான் பின்வாங்கி மற்றவர்களிடம் சொன்னது:

"என்னங்க இது? அப்பா பேர் கேக்கல, ஆதாரம் கேக்கல, ஓ.டி.பி. கூட வரல. நேரா வணக்கம்ங்குது. இது ஏதோ மோசடி."

செய்தி பரவியது. அதன்பின் எவரும் வரவில்லை.

வந்தது வெள்ளாடு ஒன்றுதான். அது நெடுநேரம் அமைதியாக இருந்ததைப் பார்வையாளரின் ஈடுபாடு என்று முள்ளம்பன்றி கருதிவிட்டது. போய்ப் பார்த்தால் துளையட்டைக் கட்டு முழுவதும் ஆட்டின் வயிற்றில். யானைக்கன்றுக் கணினி பெருமூச்சு விட்டு நின்றுபோயிற்று.

"நடுவுல ஓட்டை இருந்துச்சு," என்றது ஆடு. "வடைன்னு நினைச்சேன்."

முள்ளம்பன்றி அழவில்லை. புதிய அட்டைகளுக்குத் துளையிட உட்கார்ந்தது. அதற்குமுன், ஒழுங்கு கருதி, "பழுது. காத்திருக்கவும்" என்று ஒரு பலகை எழுதி வாசலில் தொங்கவிட்டது.

மேய்ச்சலுக்குப் போய்க்கொண்டிருந்த எருமை அப்பலகையைப் படித்தது. படித்ததும் நின்றது. சற்றுப் பின்னால் வந்த கரடி, எருமை நிற்பதைக் கண்டு அதன் பின்னால் நின்றது. கரடிக்குப் பின்னால் மான், மானுக்குப் பின்னால் அதன் சுற்றம். வெயில் ஏறுவதற்குள் வரிசை ஆலமரத்தைத் தாண்டிவிட்டது.

"எருமையக்கா, எதுக்கு நிக்கிறோம்?" என்று கரடி கேட்டது.

"அதெல்லாம் உள்ள போனா சொல்வாங்க. நீ முதல்ல இடத்தை விடாம நில்லு."

"எதுவா இருந்தாலும் தீர்ந்துடாதே?"

"தீர்ந்துடும். அதான் நிக்கிறோம்."

பசித்தவர்கள் வாடகைச் செருப்பைத் தம் இடத்தில் வைத்துவிட்டு மேயப் போனார்கள். செருப்புகள் முறைப்படி நகர்ந்தன. பின்னால் நின்றவர்கள் நேர்மையாக அவற்றைத் தள்ளிவைத்தார்கள். ஒரு செருப்பு முண்டியடித்து முன்னே போய்விட்டதாக எழுந்த தகராறை நரி தீர்த்துவைத்தது.

முள்ளம்பன்றி வெளியே எட்டிப் பார்த்தது. தன் கணினிகளைக் காணக் காடே திரண்டிருப்பதாக எண்ணி அதன் கண்கள் நிறைந்தன. இவர்களைக் காக்கவைப்பது பாவம் என்று பரபரவென்று அட்டைகளை முடித்து, கணினியை ஓட்டி, பலகையைக் கழற்றிவிட்டு அறிவித்தது: "சரியாகிவிட்டது. எல்லாரும் உள்ளே வரலாம். தொட்டுப் பார்க்கலாம்."

வரிசையில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. கேட்டவுடன் கிடைக்கும் பொருள் நல்ல பொருளாக இருக்காது என்று மான் தன் சுற்றத்தாரிடம் சொல்வது காதில் விழுந்தது. எருமைக்குத்தான் கடுங்கோபம்.

"விடிஞ்சதுலேர்ந்து நிக்கிறவளை இப்படி அவமானப்படுத்தலாமாய்யா?" என்று கேட்டுவிட்டு அது போயிற்று. அதன் பின்னால் கரடி, மான், செருப்புகள். சிறிது நேரத்தில் வாசலில் ஈ எறும்பு இல்லை.

மறுநாள் காலையில் சிங்கம் வருவதாகச் சொல்லிவிட்டார்கள். கழுதைப்புலி தராசையும் கோணிச்சாக்கையும் கொண்டுவந்து வாசலிலேயே வைத்துவிட்டது.

நரி முள்ளம்பன்றியின் அருகில் வந்து உட்கார்ந்தது. ஓடும் கணினியைத் தேடி இக்காட்டில் யாரும் வரமாட்டார்கள் என்பதை அது பொறுமையாக எடுத்துரைத்தது.

"ஒண்ணை நிறுத்தினதுக்கே ஆலமரம் வரைக்கும் வந்தாங்க. எல்லாத்தையும் நிறுத்திப் பாரும், முள்ளம்பன்றியாரே."

"ஓடினால்தானே நரியாரே அது கணினி?"

"ஓடினா அது நாளைக்குச் செம்பு."

முள்ளம்பன்றி எழுந்தது. யானைக்கன்றுக் கணினியிலிருந்து கண்ணாடிக் குழல் வால்வுகளை ஒவ்வொன்றாகக் கழற்றியது. அவற்றைக் கழுதைப்புலியின் கண் படாமல் எங்கே வைப்பது என்று தெரியாமல், தன் முதுகு முட்களிலேயே செருகிக்கொண்டது. கேசட்டுக் கணினியின் சக்கரங்களையும் அவ்வாறே. கடைசியாகப் பச்சை எழுத்துக் கணினியின் முன் போய் உட்கார்ந்தது. "உங்கள் பெயர்?" என்று அது கேட்டது. முள்ளம்பன்றி தன் பெயரைத் தட்டியது. வணக்கம் வந்தது. அந்த எழுத்துகள் திரையில் இருக்கும்போதே உள்ளே கைவிட்டு அதன் மூளையான சில்லைப் பிடுங்கி, கழுத்தோரத்து முள்ளில் கோத்துக்கொண்டது.

பிறகு போய்ப் பழுதுப் பலகையை மாட்டியது.

சிங்கம் வந்தபோது வரிசை ஆற்றைத் தொட்டிருந்தது. மக்களும் செருப்புகளும் கலந்து நின்றனர். சிங்கம் முதல் இடத்தில் நின்ற எருமையை அழைத்து, இங்கே என்ன நடக்கிறது என்று கேட்டது.

"தெரியாது அரசே," என்றது எருமை. "ஆனா முறையா நடக்குது."

சிங்கம் உள்ளே போய்ப் பார்த்தது. இருண்ட திரைகளைப் பார்த்தது. அசையாத சக்கரங்களைப் பார்த்தது. வெளியே அமைதியாக நிற்கும் தன் குடிகளை மீண்டும் ஒருமுறை பார்த்தது. அதன் பிடரி சிலிர்த்தது. தன் அரண்மனை அலுவலகத்தில்கூட இப்படியொரு ஒழுங்கைக் கண்டதில்லை என்று அது மனம் திறந்து பாராட்டியது. கழுதைப்புலி தராசோடு திருப்பி அனுப்பப்பட்டது. காட்டின் எல்லா அலுவலகங்களும் அன்றே இக்குகைக்கு மாற்றப்பட்டன. முள்ளம்பன்றி தலைமை அலுவலராயிற்று. ஒரே ஒரு நிபந்தனைதான்: இங்கு என்றைக்கு ஏதேனும் ஓடுகிறதோ, அன்றைக்குக் குகை கழுதைப்புலிக்கு.

அதன்பின் முள்ளம்பன்றி நடக்கும்போதெல்லாம் முதுகில் வால்வுகள் கிணுகிணுவென்று ஒலித்தன. பதவி ஏறினால் அப்படித்தான் ஒலிக்கும் போலும் என்று குடிகள் பேசிக்கொண்டார்கள்.

ஒருநாள் முயல் ஒன்று அலுவலகச் சன்னலுக்கு வந்தது. "தொட்டுப் பாருங்கள்" என்ற பழைய பலகை குப்பையில் கிடந்ததை அது படித்திருந்தது.

"ஐயா, இங்க பேர் சொன்னா வணக்கம் சொல்ற கணினி ஒண்ணு இருக்காமே. ஒரு தடவை தொட்டுப் பார்க்கணும்."

முள்ளம்பன்றியின் கை தானாகக் கழுத்தோரத்துச் சில்லுக்குப் போயிற்று. முயலுக்குப் பின்னால் வரிசை ஆறு வரை நின்றது. வரிசையின் கடைசியில், யாரும் கவனிக்காத இடத்தில், கழுதைப்புலியும் ஒரு செருப்பு வைத்திருந்தது.

"நாளைக்கு வாங்க," என்றது முள்ளம்பன்றி.

முயல் மறுநாளும் வந்தது என்று வடகரையார் சொல்வர். தென்கரையார் சொல்வது: முயல் வரவில்லை, செருப்பை அனுப்பியது.

நீதி: ஆசையாய்ச் செய்த பொருளைக் காப்பாற்ற வேண்டுமானால், அது வேலை செய்யும் என்பதை எவருக்கும் தெரியவிடாதே. செருப்பு அணியாதோர் முதலில் ஒரு சோடி வாங்கி வைக்க.