மரியாதை அளவு

"கட்டட நம்பர் போடாம எங்கய்யா போவே? ஊர்ல இருக்கிற லிஃப்ட்ல எல்லாம் ஏறி இறங்கிப் பார்க்கப் போறியா?"

டிசைனர் பெண் இதைத் திரையிலிருந்து வாய்விட்டுப் படித்தாள். பிறகு பக்கத்தில் நின்ற புரோகிராமரைப் பார்த்தாள்.

"சார், இதை யாரு எழுதினது?"

"நான்தாம்மா."

அவளால் நம்ப முடியவில்லை. யாராவது காலை மிதித்தால்கூட 'பரவாயில்லை, நின்னுக்கங்க' என்று சொல்லும் மனிதர் அவர். ஆனால் பன்னிரண்டு வருடம் முன்பு, இந்த லிஃப்ட் பழுதுபார்க்கும் கம்பெனியில் எந்த மெக்கானிக் எந்தக் கட்டடத்துக்குப் போவது என்று பிரித்துக் கொடுக்க ஒரு மென்பொருள் எழுதினார். மெக்கானிக்குகள் அதில் ஒரு விவரமும் போட மாட்டோம் என்று அடம்பிடித்தார்கள். ஒருநாள் பொறுக்க முடியாமல் ஒரு திட்டை உள்ளே எழுதி வைத்தார். மறுநாள் எல்லோரும் ஒழுங்காக நம்பர் போட்டார்கள். அன்று பிடித்த ருசி, இன்றைக்கு மொத்தம் இருநூற்றுப் பதினாறு திட்டுகள்.

"வெளியில விக்கிற பொருள் சார் இது. காசு குடுத்து வாங்குறவரை 'உன் காதுல என்ன கிரீஸா'ன்னு கேட்டா எப்படி?"

நியாயமான கேள்விதான். வெளியூர் லிஃப்ட் கம்பெனிக்காரர் ஒருவர் தானாகவே போன் செய்து, அந்த சாஃப்ட்வேரை விலைக்குத் தருவீர்களா என்று கேட்டிருந்தார். முதலாளி தரையில் நடக்கவில்லை.

"விளம்பரமே இல்லாம நம்ம பேரு அவ்வளவு தூரம் போயிருக்குய்யா! வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு வர்றாரு. வித்துட்டா உங்களுக்குத் தனிப் பிரிவு, தனி ரூம். விக்கலேன்னா இந்த சாஃப்ட்வேர் வேலையே வேண்டாம். லிஃப்ட் கூரை மேல நின்னு கயிறு பார்க்கிற வேலை ஒண்ணு காலியா இருக்கு, அதுக்குப் போயிடுங்க."

வீட்டில் பல்பு மாற்ற முக்காலியில் ஏறினாலே புரோகிராமருக்குத் தலை சுற்றும். பல்பு மாற்றுவது மனைவி. முக்காலியைப் பிடித்துக்கொள்வதுதான் இவர் வேலை, அதையும் கண்ணை மூடிக்கொண்டுதான் செய்வார்.

திங்கட்கிழமை முழுக்க உட்கார்ந்து இருநூற்றுப் பதினாறையும் மரியாதையாக மாற்றினார்கள். 'தாங்கள் கட்டட எண்ணைப் பதிவு செய்தால் மகிழ்வோம்.' படிக்கவே மணமாக இருந்தது. செவ்வாய்க்கிழமை நம் ஆட்களிடமே ஓட்டிப் பார்க்கலாம் என்றார் முதலாளி.

பதினோரு மணிக்கு ஒரு பல் மருத்துவரிடமிருந்து போன். அவருடைய இரண்டு மாடிக் கட்டடத்தின் ஒரே லிஃப்ட் முன்னால் ஏழு மெக்கானிக்குகள் நிற்கிறார்களாம். ஏழு பேரும் நம்பர் போடவில்லை. நம்பர் இல்லாவிட்டால் மென்பொருள் பட்டியலின் முதல் கட்டடத்துக்கு அனுப்பிவிடும்.

"ஏன் நம்பர் போடலை?" என்று புரோகிராமர் மூத்த மெக்கானிக்கைக் கேட்டார்.

"போட்டா மகிழ்வோம்னுதானே சார் இருந்துச்சு? இப்ப அவசரம், சாயங்காலம் மகிழ்ந்துக்கட்டும்னு விட்டுட்டேன்."

"மரியாதை இருக்கட்டும். கூடவே ஒரு மணி அடிக்க வெச்சிடலாம்" என்றாள் டிசைனர்.

கம்பெனிக் கம்ப்யூட்டரில் கைவசம் இருந்த மணியோசை ஒன்றே ஒன்றுதான். லிஃப்டுக்குள் ஆள் மாட்டிக்கொண்டால் அடிக்கும் ஓசை. அதையே மெக்கானிக்குகளின் போனில் ஓடும் மென்பொருளுக்குப் போட்டார்கள்.

புதன்கிழமை மூன்று மெக்கானிக்குகள் தங்கள் சட்டைப் பையிலிருந்த போனின் மணியைக் கேட்டுப் பதறி, நன்றாக ஓடிக்கொண்டிருந்த லிஃப்டை நிறுத்திக் கதவை நெம்பினார்கள். உள்ளே யாருமில்லை. மணி நிற்கவில்லை. ஆள் எங்கேதான் மாட்டியிருக்கிறான் என்று பார்க்க லிஃப்டையே பிரித்துப் போட்டுவிட்டார்கள்.

வியாழக்கிழமை டிசைனருக்கு ஞானம் பிறந்தது. "அவங்கவங்களுக்கு வேணுங்கிறதை அவங்களே வெச்சுக்கட்டும் சார். 'மரியாதை அளவு'ன்னு ஒண்ணு வெப்போம். ஒண்ணுல இருந்து பத்து வரைக்கும்."

முதலாளி தனக்குப் பத்து வைத்துக்கொண்டார். பத்தில் வைத்தால் 'மாட்சிமை தங்கிய ஐயா அவர்களின் பொற்பாதங்களுக்கு' என்று தொடங்கி விஷயத்துக்கு வர நான்கு நிமிடம் ஆனது. மூன்றாவது நிமிடத்தில் பொறுமை இழந்து எதையோ அமுக்கினார். அளவு ஒன்றுக்கு இறங்கியது.

"யோவ், தேதியைப் பாத்துப் போடுய்யா. உன் கல்யாணத் தேதியாவது ஞாபகம் இருக்கா?"

அன்றைக்கு முதலாளியின் திருமண நாள். மறந்தே போயிருந்தார். அந்தக் கோபத்தையும் புரோகிராமர் மேலேயே காட்டினார்.

அந்தக் கலவரத்தில் மூத்த மெக்கானிக் தலையைச் சொறிந்துகொண்டு வந்து நின்றார். "பழையதையே போட்டுடுங்க சார். அது நாலு வார்த்தை திட்டுனாத்தான் நம்மளை யாரோ கவனிக்கிறாங்கன்னு இருக்கு. மூணு நாளா அனாதை மாதிரி இருக்கு சார்."

புரோகிராமர் வீட்டுக்குப் போய் நடந்ததையெல்லாம் மனைவியிடம் கொட்டினார்.

"அதிர்ந்து பேசத் தெரியாது உங்களுக்கு. இத்தனை திட்டு எங்கேருந்துங்க வந்துச்சு?"

"எல்லாம் நீ சொன்னதுதான்."

அவள் இடுப்பில் கையை ஊன்றினாள். அவர் முக்காலி பக்கமாக நகர்ந்தார்.

"கிரீஸ் போட்டிருக்கீங்களா?"

"ம்."

"'போன வாரமும் தொண்டை கிழியச் சொன்னேனே, அது சுவத்துக்கா?' அது?"

"அது... விட்டுப் போச்சு."

"சேருங்க. நல்லா இருக்கும்."

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கே போய், மரியாதையான பதிப்பை அடியோடு அழித்துவிட்டு, இருநூற்றுப் பதினேழு திட்டுகளையும் ஏற்றி வைத்தார். "இதுதான் சார் நம்ம தனித்தன்மை. உலகத்துல எவன்கிட்டயும் கிடையாது" என்று டிசைனரும் கட்சி மாறிவிட்டாள். முதலாளிக்கும் அது பிடித்துப் போனது.

பத்து மணிக்கு வெளியூர்க்காரர் வந்தார். சாதுவான, பருத்த மனிதர். கோப்பு ஒன்றைக் கட்டிப் பிடித்தபடி அவருடைய குமாஸ்தா அம்மாள் பின்னால் வந்தார்.

"நீங்களே உக்காந்து பாருங்க" என்றார் முதலாளி. "வேணும்னே நம்பர் போடாம பட்டனை அமுக்குங்க. வேடிக்கையைப் பாருங்க!"

அமுக்கினார். சுவரை அடைத்த பெரிய திரையில் வந்தது.

"கட்டட நம்பர் போடாம எங்கய்யா போவே?"

வந்தவர் முகத்தில் ஈயாடவில்லை. மறுபடி அமுக்கினார்.

"போன வாரமும் தொண்டை கிழியச் சொன்னேனே, அது சுவத்துக்கா?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கண்ணையும் துடைத்தது போலத்தான் இருந்தது. "புதுசு வேற..." என்று முனகினார். பிறகு மெல்லிய குரலில் கேட்டார். "வேற... கொஞ்சம் பதமா... எதுவும் இல்லீங்களா?"

"இருந்துச்சு!" என்று முதலாளி மார்தட்டினார். "காலையிலதான் அழிச்சோம். ஒரு எழுத்துகூட மிச்சமில்லை!"

வந்தவர் பேயறைந்தது போல எழுந்து, முகம் கழுவும் இடம் எங்கே என்று கேட்டுக்கொண்டு போய்விட்டார். புரோகிராமருக்குத் தான் ஏதோ பத்தாவது மாடியில் லிஃப்ட் கூரை மேல் நிற்பது போலவே இருந்தது. மேசையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு குமாஸ்தா அம்மாளைக் கேட்டார்.

"அம்மா, அவருக்குப் பிடிக்கலைங்களா? இந்த மாதிரி சாஃப்ட்வேர் அவர் வேற எங்கேயும் பார்த்திருக்கவே மாட்டாரே!"

குமாஸ்தா அம்மாள் கோப்பைக் கீழே வைத்துவிட்டுப் பெருமூச்சு விட்டார்.

"மூணு வருஷமா எங்க ஆபீஸ்ல இதுதான் சார் ஓடுது, உங்ககிட்டேருந்து வந்த மெக்கானிக் ஒருத்தர் காப்பி எடுத்துட்டு வந்தாரு, திட்டாத மாதிரி ஒண்ணு விலைக்குக் கிடைக்குமான்னு கேக்கத்தான் எங்க முதலாளி இவ்வளவு தூரம் வந்தாரு."