ஆகே சலோ கண்டக்டர்

மும்பையில் எங்கள் செம்பூர் காலனியில் பிறந்த எந்தக் குழந்தையும் முதலில் ‘அம்மா’ என்று சொன்னதில்லை. ‘ஆகே சலோ’, அதாவது ‘முன்னால போ’ என்றுதான் சொல்லும். அதற்கு ஒரே ஒருவர்தான் காரணம். தரைத்தளத்தில் குடியிருந்த ரிட்டயர்டு பஸ் கண்டக்டர். அவருக்கு ஒரு பெயர் இருந்திருக்க வேண்டும். வாட்ச்மேன் முதல் பால்காரர் வரை யாரும் அதை உபயோகித்ததில்லை.

என் மகளுக்கு மூன்று மாதம் முடிந்த வாரம் அவரோடு பழக்கம் ஏற்பட்டது. பிரசவம் பார்க்க வந்த அம்மா ஊருக்குத் திரும்பிவிட்டாள். கணவர் காலை ஏழரை லோக்கல் ரயிலைப் பிடித்து வாஷியில் ஆபீசுக்குப் போய்விடுவார். அதற்குப் பிறகு வீட்டில் நானும் மகளும் அவள் அழுகையும். மூன்றாவது மாடியில் அவள் அழுதால் எதிர் பில்டிங்கில் ஜன்னல் சாத்துவார்கள்.

ஒரு நாள் பதினோரு மணிக்குக் கதவு தட்டுகிற சத்தம். திறந்தால் கண்டக்டர். காக்கிப் பேன்ட், பனியன், நெற்றியில் திருநீறு.

“ஏம்மா, நீ என்னைக்குக் குளிச்சே?”

அறுபத்தைந்து வயது மனிதர் வாசலில் நின்று கேட்கிற கேள்வியா இது? கோபம்தான் வந்திருக்க வேண்டும். நான் விரல் விட்டு எண்ண ஆரம்பித்தேன்.

“எண்ண வேண்டிய அளவுக்கு ஆயிட்டுல்லா? பிள்ளையக் கொண்டா. இங்கன வராந்தாவுலதான் நடப்பேன். கதவு தொறந்தே இருக்கட்டும். பத்து நிமிஷம். போய்க் குளி.”

தயங்கினேன். அவர் கையை நீட்டியபடியே நின்றார். ஓடுகிற பஸ்ஸில் எத்தனையோ பெண்கள் ஏறும்போது குழந்தையை முதலில் அவர் கையில்தான் கொடுத்திருப்பார்கள் போல. கை நீட்டின விதத்திலேயே தெரிந்தது. கொடுத்துவிட்டேன்.

நாலே நிமிஷத்தில் குளித்துவிட்டுத் தலையில் தண்ணீர் சொட்டச் சொட்ட ஓடி வந்தேன். அவர் மகளைத் தோளில் போட்டுக்கொண்டு வராந்தாவின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்துகொண்டிருந்தார். “செம்பூர் நாக்கா! ஆகே சலோ, ஆகே சலோ! குர்லா சிக்னல்!” மகள் அழுகையை நிறுத்திவிட்டு, இது என்ன ஜந்து என்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

என்னைப் பார்த்ததும் அவருக்குக் கோபம். “பத்து நிமிஷம்னு சொன்னேம்லா? இன்னும் ஆறு நிமிஷம் கிடக்கு. உள்ள போ.”

“குளிச்சாச்சு சார்.”

“சும்மா உக்காரு. அதுக்கும் சேத்துதான் பத்து.”

உள்ளே போய்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தேன். சுவரில் பார்க்க ஒன்றுமில்லை. அந்த மூன்று மாதத்தில் அவ்வளவு நன்றாக எதையும் நான் பார்த்ததில்லை.

அன்றிலிருந்து தினமும் பதினோரு மணிக்கு வந்தார். ரூட் மாறாது. செம்பூரில் ஏறினால் தாதரில்தான் இறக்கம். ஆனால் சயான் வந்ததும் வராந்தா நடுவில் அப்படியே நின்றுவிடுவார். நடை நின்றதும் மகள் வீறிடுவாள்.

“ஏன் சார் நிக்கிறீங்க? நடந்தாத்தானே தூங்குவா?”

“சயான்ல நிக்காம எந்த பஸ்சு போயிருக்கும்மா? பிள்ளைட்டப் பொய் சொல்லப்பிடாது.”

இரண்டு நிமிஷம் கழித்துத்தான் டிராஃபிக் விலகும். மாட்டுங்கா வரும்போது மகள் தூங்கியிருப்பாள்.

கணவருக்கு விஷயம் தெரிந்த அன்று வீட்டில் விசாரணை.

“யாரோ ஒருத்தர்கிட்ட குழந்தையைக் குடுத்துட்டுக் குளிக்கப் போனியா?”

“ஆமா. தலைக்கும் குளிச்சேன்.”

ஞாயிற்றுக்கிழமை கண்டக்டர் வந்தபோது கணவரே வாசலில் போய் மறித்துக்கொண்டு நின்றார். கண்டக்டர் மேலும் கீழும் பார்த்தார். “நீதானா அப்பன்? அப்ப உன் டூட்டிதான். தூக்கு.” இவர் போய்த் தூக்கிக்கொண்டு வந்தார். “இது பிள்ளையைப் பிடிக்கிற பிடி இல்லடே, ஃபைலைப் பிடிக்கிற பிடி. தலைக்குக் கீழ கையக் குடு. ம், நட. ஸ்டாப் பேர் சொல்லு.” எம்.பி.ஏ. படித்த என் கணவர் நாற்பது நிமிஷம் வராந்தாவில் “குர்லா சிக்னல்” என்று கூவிக்கொண்டு நடந்தார். குர்லாவுக்கு அடுத்த ஸ்டாப் மறந்துபோனதால் அங்கேயே சுற்றினார்.

கண்டக்டருக்கு ஏதாவது செய்ய வேண்டுமென்று எனக்கு உறுத்தல். டீ கொடுத்தேன், வேண்டாம். தீபாவளிக்குச் சட்டை எடுத்துக் கொடுத்தேன். மறுநாள் அதை வாட்ச்மேன் போட்டுக்கொண்டு கேட்டில் நின்றார்.

“எதாவது வாங்கிக்கக் கூடாதா சார்?”

“செய்யணும்னு இருந்தா ஒண்ணாம் மாடிக்குப் போ. ஸ்வாதின்னு மராட்டிப் பிள்ள. கைக்குழந்த. அவளும் குளிக்கல.”

என் ஒன்றையே சமாளிக்க முடியவில்லை, இதில் இன்னொன்றா? முனகிக்கொண்டேதான் இறங்கினேன். அரைகுறை ஹிந்தியில் பத்து நிமிஷம் என்று ஸ்வாதியிடம் விளக்கிச் சொல்லி, அவள் பையனை மேலே கொண்டுவந்தேன். அவள் குளித்தாள். குளித்துவிட்டு ஒரு நிமிஷம் கட்டிலில் உட்கார்ந்தாள். அவ்வளவுதான். இரண்டு மணி நேரம் தூங்கிவிட்டாள். இங்கே இரண்டு குழந்தைகளும் போட்டி போட்டு அலறுகின்றன. நானும் அழ ஆரம்பிக்கிற நேரத்தில் கண்டக்டர் வந்தார். தோளுக்கு ஒன்றாகப் போட்டுக்கொண்டார். “டபுள் டெக்கர்! மேல எடம் இருக்கு, ஆகே சலோ!”

“ஸ்வாதியை எழுப்பட்டுமா சார்?”

“எழுப்பினே, உன்னய பஸ்ச விட்டு எறக்கிருவேன்.”

இந்த மனிதர் ஏன் இப்படி என்ற கேள்விக்கு அவருடைய மனைவிதான் பதில் சொன்னார். ஒரு நாள் நன்றி சொல்லலாம் என்று அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். கண்டக்டர் மூலையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அந்தம்மா கீரை ஆய்ந்தபடி, அவர் காதில் விழட்டும் என்றே பேசினார்.

“எனக்கு நாலு பிள்ளைக. இந்த மனுசன் ஒண்ணையாவது தூக்கியிருப்பாரா? டூட்டிக்குப் போகும்போதும் தூங்கும், வரும்போதும் தூங்கும். ஊர்ல உள்ள பிள்ளைகள எல்லாம் பஸ்ல தூக்கினாரு. நான் ஆறு வருசம் தீபாவளிக்குத் தீபாவளிதான் ஒழுங்காக் குளிச்சேன். அதை ரிட்டயர்டு ஆன அன்னைக்குத்தான் சொன்னேன். மறுநாளே மாடியேறிட்டாரு.”

மூலையில் பேப்பர் கொஞ்சம் உயர்ந்து முகத்தை மறைத்தது. வெகுநேரம் பக்கம் திரும்பவில்லை.

போன மாதம் மகளைப் பள்ளியில் சேர்த்தோம். விண்ணப்பத்தில் ஒரு கேள்வி: பெற்றோர் வர முடியாதபோது குழந்தையை ஒப்படைக்கத் தகுந்தவர் பெயர், உறவு. யோசிக்க ஒன்றுமில்லை. ஆனால் பெயர்? நாலு வருடப் பழக்கத்தில் அது எனக்குத் தெரியாது. ஃபாரத்தை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினேன்.

“சார், உங்க பேரு என்ன?”

“எதுக்கு?”

சொன்னேன். அவர் உள்ளே போனார். திரும்பி வரும்போது இஸ்திரி போட்ட சட்டை மாட்டியிருந்தார். கையில் ஆதார் கார்டு. “ஸ்பெல்லிங் தப்பாயிரக் கூடாதுல்லா.” பார்த்து எழுதினேன்.

“உறவுங்கிற எடத்துல என்னம்மா எழுதியிருக்க?”

“தாத்தான்னு எழுதியிருக்கேன் சார்.”

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அந்தக் கட்டத்தையே பார்த்தார். பிறகு, “எழுத்து கோணலா இருக்கு” என்றார்.

கோணலாகத்தான் இருந்தது. எழுதும்போது எனக்குக் கட்டமே சரியாகத் தெரியவில்லை.