படம் இல்லாத பந்தயம்

போன வாரம் முழங்கால் வலிக்காக ஸ்கேன் சென்டருக்குப் போயிருந்தேன். அங்கிருந்த பெண் உறையிலிருந்து படத்தை உருவி ஓர் உதறு உதறினாள். வளைந்து நிமிர்ந்த பிலிம் குட்டியாக ஓர் இடி இடித்தது. அவ்வளவுதான். முழங்கால் போய்விட்டது, நியூஜெர்சி வந்துவிட்டது.

தன் வாழ்க்கை வரலாற்றை எலும்பு எலும்பாக எடுத்து வைத்திருந்தவர் உலகத்திலேயே ஒருவர்தான். அவரை நாங்கள் எக்ஸ்ரே என்று கூப்பிட்டோம்.

தொண்ணூறுகளின் நடுவில், ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் ஓர் எலும்பு டாக்டர் வீட்டு பேஸ்மென்ட்டில் வாடகைக்கு இருந்தேன். பகலில் மருந்துக் கம்பெனியில் கம்ப்யூட்டர், சாயங்காலம் ஆன்ட்டி வைத்த ரசம். டாக்டர் அங்கிளின் ஒரே மகன் எக்ஸ்ரே. வயது முப்பத்திரண்டு. உத்தியோகம், சைக்கிள் ஓட்டுவது.

சைக்கிள் ஓட்டுவது எப்படி உத்தியோகமாகும் என்று எனக்கு ஆறு மாதம் புரியவில்லை. பேப்பர் போடுகிறார் என்று நினைத்து, நம் வீட்டுக்கு மட்டும் ஏன் பேப்பர் வருவதில்லை என்றுகூடக் கேட்டிருக்கிறேன். பி.எம்.எக்ஸ். ரேஸ் என்றார். சின்னச் சக்கரம், மண் மேடு, எட்டுப் பேர், ஒரே முட்டல் மோதல். அந்த விளையாட்டு நடை பழகிக்கொண்டிருந்த காலத்திலேயே, பள்ளிக்கூடம் முடித்த கையோடு, அதற்குச் சம்பளம் வாங்கிய முதல் சிலரில் அவரும் ஒருவர். ஒரு சைக்கிள் கம்பெனி அவரை வேனில் ஏற்றி டெக்சாஸ், கலிபோர்னியா என்று ஊர் ஊராக இறக்கிவிட்டது. அவர் ஊர் ஊராக விழுந்தார்.

விருந்துகளில் யாராவது, “பையன் எங்க இருக்கார்?” என்று கேட்டால் ஆன்ட்டி, “ஆஸ்பத்திரியிலதாங்க,” என்பார். பொய்யில்லை. வருஷத்தில் பாதி நாள் அங்கேதான்.

அவர் வாங்கிய கோப்பைகள் என் அறையில், வாஷிங் மெஷினுக்குப் பின்னால் கிடந்தன. ஒன்றில் என் குடை நின்றது. மாடியில் ஹால் ஜன்னல் கண்ணாடி முழுக்க எக்ஸ்ரே படங்கள். காலை வெயில் அவருடைய விலா எலும்புகளுக்குள் நுழைந்து எங்கள் இட்லித் தட்டில் வந்து விழும். “இது டெக்சாஸ்,” என்று காலர் எலும்பைத் தொடுவார். “இது கலிபோர்னியா.” மணிக்கட்டு. “இதுவும் டெக்சாஸ். செகண்ட் டைம்.” எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டியவர் அப்பாதான். ஒவ்வொரு படத்தின் மூலையிலும் டாக்டர் வெள்ளை மையில் ஒரே வரியை எழுதியிருப்பார்: ‘இதோடு நிறுத்து.’ மகனுடைய தொழில் பற்றி பதினைந்து வருஷத்தில் அவர் சொன்னது அது ஒன்றுதான். ஒரு ரேஸ்கூடப் பார்த்ததில்லை.

அந்த வருஷம் எக்ஸ்ரே உண்மையிலேயே நிறுத்துவதாக இருந்தார். துணி மடித்துக்கொண்டே என்னிடம் சொன்னார்: “லாஸ்ட் ரேஸ். அப்பா பாக்கணும். ஒண்ணே ஒண்ணு. நீ கேளு.” அவருக்கு எல்லோரும் ‘நீ’தான். அப்பா அம்மா அவரிடம் பேசிய தமிழைத்தான் அவர் திருப்பிப் பேசுவார், அதுவும் எப்போதாவது. வீட்டில் அவர்கள் தமிழில் கேட்பார்கள், இவர் இங்கிலீஷில் பதில் சொல்வார்.

நான் தூது போனேன். டாக்டர் ஆரஞ்சுப் பழத்தை உரித்து முடிக்கிறவரை யோசித்தார். “நான் வீட்லயே இருக்கேனே. எப்படியும் இங்கதானே வருவான்?”

ஆன்ட்டிதான் அவரைக் காரில் ஏற்றினார். டிக்கியின் ஒரு பாதியில் புளியோதரை, தயிர்சாதம், வடாம். மறு பாதியில் டாக்டரின் பேண்டேஜ், எலும்புக்கு அணைத்துக் கட்டும் மரச் சிம்பு. ஐந்து நாள் கிரிக்கெட் பார்த்து வளர்ந்த ஜனங்கள் நாங்கள். சாயங்காலம் வரை தாங்க வேண்டும் என்று தயாராகப் போனோம். இந்தப் பந்தயம் மொத்தமே நாற்பது விநாடி என்று யாரும் சொல்லவில்லை.

மேட்டின் உச்சியில், ஒரு தடுப்புக் கதவுக்குப் பின்னால் எட்டுப் பேர் நின்றார்கள். எட்டுப் பேருக்கும் தாடை வரை மூடிய ஹெல்மெட், கண்ணை மறைத்த கண்ணாடி. தன்னுடையது நீலச் சட்டை என்று எக்ஸ்ரே சொல்லியிருந்தார். நான்கு பேர் நீலம். டாக்டர் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றார். எனக்குப் பின்னால் ஆன்ட்டி, புளியோதரை டப்பாவின் மூடி வரவில்லை, கொஞ்சம் பிடி என்றார். பிடித்தேன். தடால் என்று கதவு விழுந்த சத்தம், சக்கரங்களின் சீறல், ஒரு கூச்சல். மூடி வந்தது. நிமிர்ந்தால், முதல் வளைவில் ஒரு நீலச் சட்டை மண்ணில் கிடந்தது. அறுபது தாண்டிய டாக்டர் தோல் செருப்போடு வேலியைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தார்.

நாங்களும் பின்னாலேயே ஓடினோம். டாக்டர் மண்ணில் மண்டியிட்டு, விழுந்தவரின் கழுத்தை இரண்டு கையாலும் அசையாமல் பிடித்திருந்தார். ஹெல்மெட்டைக் கழற்றக் கூடாது. அது வைத்தியம். அதனால் முகம் தெரியவில்லை.

“எங்கடா வலிக்குது?”

உள்ளேயிருந்து, “ஷோல்டர்,” என்று ஒரு முனகல்.

“காலர் போன். மூணாவது தடவை.” டாக்டர் மூச்சு வாங்கினார். குரல் இறங்கிவிட்டது. “பரவாயில்லடா. மேட்டுலேர்ந்து இறங்கினப்போ நீதான் எல்லாருக்கும் முன்னாடி. நான் பார்த்தேன். என்னமா பறந்தே. தெரியாமப் போச்சே எனக்கு இத்தனை நாளா.”

“ஓகே,” என்றது ஹெல்மெட். மகன் எப்போதும் சொல்லும் பதில்தான். யாருக்கும் எதுவும் வித்தியாசமாகப் படவில்லை.

அப்போது எங்களுக்குப் பின்னால் ஒரு சைக்கிள் சாய்ந்தது. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு எக்ஸ்ரே நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றாரோ. சுத்தமான தமிழில் சொன்னார்: “அப்பா. அது நான் இல்ல.”

டாக்டர் மேலே பார்த்தார். கீழே பார்த்தார். பிடித்த கழுத்தை விடாமலே கேட்டார்: “அப்போ நீ எங்க விழுந்தே?”

“விழலப்பா.”

விழாத மகனை என்ன செய்வது என்று அவருக்கு எந்தக் கல்லூரியிலும் சொல்லித்தரவில்லை. கீழே கிடந்தவர், என்ன நடக்கிறது என்று இங்கிலீஷில் கேட்டார்.

எக்ஸ்ரே முடிவுக் கோட்டைத் தாண்டிய வேகத்தில் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டார். எத்தனையாவது என்று கேட்டால், “ஐ டோன்ட் நோ பா,” என்பார். பார்க்கிங்கில் நின்று நான்கு பேரும் புளியோதரை சாப்பிட்டோம். டாக்டர் மகனுக்கு இரண்டு தடவை பரிமாறினார். சொல்ல வேண்டியதை வேறு யாருக்கோ சொல்லி முடித்திருந்தார்.

ஹால் ஜன்னலில் அந்த ஒரு பந்தயத்துக்கு மட்டும் படம் இல்லை. கடைசி மூலையில் வெறும் கண்ணாடி. அதன் வழியாக வந்த வெயிலில் எலும்பே கிடையாது.

அடுத்த வசந்தத்தில் எனக்குக் கலிபோர்னியாவில், மில்பிடாஸில் வேலை கிடைத்தது. எக்ஸ்ரேதான் ஏர்போர்ட்டில் இறக்கிவிட்டார். பெட்டியை என் கையில் கொடுத்தவர் கைப்பிடியை விடவில்லை.

“அன்னிக்கு அப்பா சொன்னாரே, முன்னாடி இருந்தது, பறந்ததுன்னு. ஃபர்ஸ்ட் ஜம்ப்ல யாரு முன்னாடின்னு எனக்கே தெரியல. அந்த ஆளா, நானா? நீ பாத்தல்ல?”

நான் பார்த்தது புளியோதரை டப்பாவின் மூடியை.

“நீங்கதான்,” என்றேன். “நல்லாப் பார்த்தேன்.”

“ஓகே,” என்றார்.